அடை உட்காருமா? அதைச் சொல்லுங்க முதல்ல!

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். பெங்களூர் ஐடி வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டவர். வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட் இடம், ரெண்டு முருங்கை, ஒரு வேம்பு. ஏற்கெனவே நாலு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வைத்திருக்கிறார்.

"தல, இன்னும் ஒரு பத்து உருப்படி சேர்க்கலாம்னு இருக்கேன். எந்த ரகம் வருஷத்துக்கு நெறைய முட்டை போடும்?"

"அடை உட்காருமான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இப்ப யாரு தல பாக்கறா? இன்குபேட்டர்தான் ஆன்லைன்லயே கெடைக்குதே."

எனக்கு வந்ததே கோபம். போனில் பாதிதான் திட்ட முடிந்தது. மீதி இங்கே. :-)

அடை என்றதும் அவியலைத் தேடும் சென்னை மக்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். பெட்டைக்கோழி பத்துப் பதினைஞ்சு முட்டை போட்டதும், முட்டை போடுவதை நிறுத்திவிட்டு, அந்த முட்டைகள் மேலேயே உட்கார்ந்து 21 நாள் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கும். அதுதான் அடை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

நான் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் படித்துவிட்டுக் கிளம்பலாம். புறக்கடைக்குக் கோழி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை முட்டை?" இல்லை. "இது அடை உட்காருமா? குஞ்சைக் காப்பாத்துமா?" அவ்வளவுதான். இதைக் கேட்காமல் முட்டைக் கணக்கைப் பார்த்து வாங்குகிறவர் நாலைந்து வருஷத்தில் கோழி வளர்ப்பவராக இருக்க மாட்டார். வருஷா வருஷம் குஞ்சு வாங்கும் கஸ்டமராக இருப்பார்.

எப்படி இவ்வளவு அடிச்சு சொல்றேன்னு கேட்பீங்க. நானே அந்த கஸ்டமராக இருந்தவன்தான். அதுவும் சும்மா இல்லை, எங்கம்மா முப்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு கோழி வம்சத்தை மூணே வருஷத்தில் ஒழித்துக்கட்டியவன்.

நான் செய்த திருப்பணி

எங்க பொடக்காளியில் எப்பவும் ஏழெட்டுப் பெட்டை, ஒரு சேவல் இருக்கும். எல்லாம் சிறுவிடை. ஒண்ணு ஒண்ணேகால் கிலோதான் இருக்கும். பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லை. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ராத்திரி பாதி கொடாப்பில், பாதி வேப்பமரத்தில். தீனி என்று தனியாக ஒன்றும் கிடையாது. கட்டுத்தரைக் குப்பையைக் கிளறும், கறையான் தின்னும், சாயங்காலம் ஒரு கை கம்போ உடைச்ச மக்காச்சோளமோ அம்மா வீசுவார். ஒரு ஈடு முட்டை என்றால் 12, 15. வருஷத்துக்கு மூணு நாலு ஈடு. அப்புறம் அடை.

எங்கம்மாவுடைய பிரச்சினை கோழி அடை உட்காராதது இல்லை. ஒரே நேரத்தில் மூணு உட்கார்ந்துவிடுவதுதான். வேண்டாததை எழுப்பிவிடத் தண்ணியில் முக்குவார். மூக்கில் இறகைக் குத்திவிடுவார். அதுவும் அசையாது. ரெண்டு நாள் கழித்து வெறுங்கூடையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

2016-இல் எனக்கு ஞானம் பிறந்தது. வாட்ஸப்பில் ஒரு படம். ஆறடி தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணைப் பறிக்கும் சேவல், நாலு கிலோ. "மேம்படுத்தப்பட்ட நாட்டுக்கோழி, வருடம் 150 முட்டை" என்று போட்டிருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு கோழி, 150 முட்டை, ஆயிரத்து ஐம்பது. அடுத்த ஞாயிறே போய் அந்த ரகத்தில் ஒரு சேவலும், ஒரு மாசக் குஞ்சு இருபத்தஞ்சும் வாங்கி வந்தேன். வீட்டுச் சேவல் ஆடி நோம்பிக்குக் குழம்பாகிவிட்டது.

அம்மா அந்தக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுகளுக்குத் தாய்க்கோழி எங்க கண்ணு?"

"மெசின்ல பொரிச்சதும்மா."

"அப்ப பருந்து வந்தா ஆரு சொல்லுவா?"

நான் சிரித்தேன். அன்றைக்கு சிரித்ததற்கு இப்போது தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தஞ்சில் பதினாறு ஒரு மாசத்துக்குள் போச்சு. பருந்து, கீரி, பக்கத்து வீட்டு நாய். தாய்க்கோழி இருந்தால் வானத்தில் நிழல் ஓடும்போதே ஒரு சத்தம் கொடுக்கும், குஞ்சுகள் அப்படியே செடிக்குள் மறைந்துவிடும். மெசின் குஞ்சுகளுக்கு அந்தச் சத்தத்தை யார் சொல்லிக்கொடுப்பது? நடு வாசலில் நின்று பருந்தை அண்ணாந்து வேடிக்கை பார்த்தன.

மீதி ஒன்பதும் வளர்ந்தது. முட்டையும் போட்டது, பொய் சொல்லக் கூடாது. தீவனம் வாங்கிப் போட்டவரைக்கும் நன்றாகவே போட்டது. தீவனத்தை நிறுத்திக் குப்பையைக் கிளறித் தின்னுங்கடா என்று விட்டதும் முட்டை பாதிக்கும் கீழே போனது. ஒன்றுகூட அடை உட்காரவில்லை. கண்ட இடத்தில் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, வாங்கி வந்ததுதான் அப்படி, நம்ம சிறுவிடைகள் இருக்கே என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் இருந்த ஒரே சேவல் அந்த நாலு கிலோ மாப்பிள்ளைதானே? சிறுவிடைகள் பொரித்த அடுத்த தலைமுறைப் பெட்டைகளில் பாதிக்கு மேல் அடைக்கே வரவில்லை. வந்த சிலதும் பத்தாம் நாள் எழுந்து போய்விட்டன. கூடையில் பாதி வளர்ந்த குஞ்சோடு முட்டைகள் ஆறிக் கிடக்கும். அதற்கடுத்த தலைமுறையில் சுத்தம். 2019 கோடையில் சந்தையிலிருந்து நான் பிடித்து வந்த இரண்டு புதுக்கோழிகளோடு கழிச்சலும் வந்து சேர்ந்தது. பழைய பெட்டைகளில் மிச்சம் இருந்த மூன்றும் ஒரே வாரத்தில் காலி.

அதோடு முப்பது வருஷ வம்சம் முடிந்தது. சேவலுக்கு நான் கொடுத்த விலை 1,500 ரூபாய்.

அடை என்பது கோளாறு இல்லை

நம்ம ஆட்கள் நிறையப் பேர் அடையை ஒரு வியாதி மாதிரிப் பேசுகிறார்கள். "அடை உட்கார்ந்தா மூணு மாசம் முட்டை போச்சு" என்பார்கள். எங்கே இருந்து வந்தது இந்தப் பேச்சு?

நாமக்கல்லிலிருந்து. அதாவது கூண்டுக்கோழிப் பண்ணையிலிருந்து. அங்கே அது நியாயம்தான். அடைக்கு வரும் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. முட்டை நின்றுவிடும். 21 நாள் அடை, அப்புறம் ஆறேழு வாரம் குஞ்சோடு சுற்றும். மொத்தம் பத்து வாரம் போல முட்டை கிடையாது. ஆயிரக்கணக்கில் கோழி வைத்து, முட்டையை லாரியில் ஏற்றுகிறவருக்கு இது நஷ்டம். அதனால் வெள்ளை லெகார்ன் மாதிரி முட்டை ரகங்களில், அடைக்கு வரும் கோழியைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டு, வராத கோழியையே வைத்து இனம் பெருக்கினார்கள். அந்தக் குணம் போய்விட்டது. வருஷம் 300 முட்டை வருகிறது. அவர்கள் கணக்குக்கு அது சரி.

புறக்கடைக்கு என்று ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்களிலும் இதே கதைதான். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் உருவான கிரிராஜா, நம்ம தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி. எல்லாமே அரும்பாடுபட்டு உருவாக்கியவை. அந்த விஞ்ஞானிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதுகள் அடை உட்காராது, குஞ்சு வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் மறைக்காமலே சொல்கிறார்கள்.

மறைக்கிறது நடுவில் இருக்கிறவர். கலர் கலராக இறகு இருந்தால் போதும், "நாட்டுக்கோழி" என்று போர்டு மாட்டிவிடுகிறார். பிரவுன் முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டை என்கிறார். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான். கூண்டில் அடைத்த கம்பெனிக்கோழியிலேயே பிரவுன் முட்டை போடும் ரகங்கள் உண்டு. இறகைப் பார்த்து ஏமாந்தவர், ஓட்டைப் பார்த்து ஏமாந்தவர் என்று ரெண்டு வகை. நான் ரெண்டிலும் உண்டு. :-(

ஒரு மனக்கணக்கு

"சென்டிமென்ட் எல்லாம் சரி, காசுக் கணக்குப் போடு பாப்போம்" என்பவர்களுக்கு. முட்டை 12 ரூபாய், வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று 400 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்க ஊர் விலை வேறு என்றால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சிறுவிடை ஒன்று வருஷத்துக்கு 45 முட்டை. அதில் ரெண்டு தடவை, தடவைக்கு 12 முட்டை அடை வைக்கிறோம். 24 முட்டை. கூமுட்டை எல்லாம் போக 18 குஞ்சு. பருந்து கீரி எல்லாம் தின்றது போகப் பாதி, 9 தேறுகிறது. 9 x 400 = 3,600. மீதி 21 முட்டை, 252 ரூபாய். மொத்தம் 3,852.

அடை உட்காராத ரகம், வனராஜா மாதிரி, புறக்கடையில் 110 முட்டை என்று வையுங்கள். 110 x 12 = 1,320. அதில் தீவனக் காசு போகணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுக்குஞ்சு வாங்கும் காசு போகணும்.

சிறுவிடைக் குஞ்சுக்கும் தீனி வேண்டாமா என்று கேட்கலாம். வேணும். முதல் சில நாள் நொய்யும், அப்புறம் தவிடும், மிச்சம் மீதி சோறும். அதற்கு ஒரு ஆயிரம் கழித்துக்கொள்ளுங்கள். அப்பவும் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள். முட்டையை மட்டும் எண்ணினால் 110 பெரிசு. பொடக்காளியிலிருந்து மொத்தமாக என்ன வருகிறது என்று எண்ணினால் அந்த ஒண்ணேகால் கிலோ கோழி பெரிசு. அடை உட்காரும் அந்தப் பத்து வாரம் கோழி சும்மா இருக்கவில்லை. இன்குபேட்டர் வேலை, பல்பு வேலை, காவல்காரன் வேலை மூன்றையும் சம்பளம் இல்லாமல் பார்க்கிறது.

"அந்த 110 முட்டையையும் இன்குபேட்டர்ல வெச்சா?" இதுதானே அடுத்த கேள்வி? வையுங்கள். 37.5 டிகிரி அப்படியே நிற்கணும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை முட்டையைப் புரட்டணும். ஈரப்பதம் பார்க்கணும். 21 நாளில் எங்க ஊரில் எத்தனை தடவை கரண்ட் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொரித்த பிறகு மூணு நாலு வாரம் பல்பு எரியணும். அதையும் தாண்டிப் பொரித்தால், இந்த ரகங்கள் பல வம்சங்களைக் கலந்து உருவாக்கியவை என்பதால், குஞ்சு தாயைப் போல வராது. ஒன்று பெருசாக, ஒன்று சோனியாக, முட்டையும் குறைந்து, ஆளுக்கொரு விதமாக வரும். ஆக, மறுபடியும் பண்ணை வாசலில்தான் போய் நிற்கணும்.

சிறுவாட்டுக் காசு

காசுக் கணக்கை விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று.

எங்க வீட்டில் கோழி எப்பவும் அம்மாவுடையது. ஆடு, மாடு, காடு எல்லாம் அப்பா கணக்கு. பருத்தி விற்ற காசு அப்பாவிடம் போகும், பால் காசு அப்பாவிடம் போகும். கோழி விற்ற காசு மட்டும் அரிசிப் பானைக்குள் போகும். அதுக்குப் பேர் சிறுவாடு. யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. பத்தாவதில் எனக்கு டியூசன் பீஸ் கட்டியது அந்தக் காசு. அக்காவுக்கு முதல் தோடு அந்தக் காசு. ஒரு தடவை அப்பாவே கைமாத்து வாங்கியிருக்கிறார், திருப்பிக் கொடுத்தாரா என்பது வேறு விஷயம்.

இது எப்படி முடிந்தது? முதல் போட வேண்டியதில்லை என்பதால் முடிந்தது. ஒரு கோழி இருந்தால் போதும், அதுவே பத்தாகும். யாரிடமும் காசு கேட்க வேண்டாம், பஸ் ஏறிப் பண்ணைக்குப் போக வேண்டாம், கரண்ட் பில் கட்ட வேண்டாம். ஒண்ணுமே இல்லாத பொம்பளைக்குக்கூட வழி இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெட்டையை வாரத்துக்கு வாங்கிக்கொள்வாள். பொரிக்கும் குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு, பாதி வளர்த்தவளுக்கு. ஒரு வருஷத்தில் அவளுக்கும் சொந்தக் கோழி.

நான் அந்த ரகத்தைக் கொண்டு வந்த பிறகு என்ன ஆனது? தீவன மூட்டை வாங்க நான் காசு கொடுத்தேன். குஞ்சு வாங்க நான் போனேன். விற்கும்போது "எவ்வளவு வந்துச்சு?" என்று நான் கேட்டேன். மொத்தக் கணக்கும் என் கைக்கு வந்துவிட்டது. அம்மா அதற்கப்புறம் கோழிப்பக்கமே அதிகம் போகவில்லை. "அது உன்ற கோழி, நீயே பாத்துக்க" என்று ஒருநாள் சொன்னார். கோபமாக எல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது உறைக்க ரெண்டு வருஷம் ஆனது.

முட்டை எண்ணிக்கையைக் கூட்டுவதாகச் சொல்லி நாம் பறித்தது அந்த அரிசிப் பானையை. "பெண்களுக்கு வருமானம்" என்று நோட்டீஸ் அடித்து, அடை உட்காராத குஞ்சைக் கையில் கொடுக்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

சரி, எந்த ரகம்தான் வாங்கறது?

ஒவ்வொன்றாக என் அனுபவத்தையும், நாலு பேரைக் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கடக்நாத்: மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கறுங்கோழி. 2018-இல் ஜாபுவா கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் மலைவாழ் மக்கள் காப்பாற்றிய நல்ல இனம். கறியில் கொழுப்பு கம்மி. அதுவரைக்கும் சரி. ஆனால் கறுப்பாக இருப்பதாலேயே சர்வரோக நிவாரணி என்று இங்கே விற்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. கறுப்பு என்பது தோலுக்கடியிலும் எலும்பிலும் படியும் நிறமி. சீனாவின் சில்க்கிக் கோழியும், இந்தோனேசியாவின் அயம் செமானியும் அப்படித்தான் கறுப்பு. அதோடு, அடைக்கு இது அவ்வளவு நம்பிக்கையான கோழி இல்லை. எங்க பக்கத்துக்காரர்களுக்கு 2012 ஈமு கூத்து மறந்திருக்காது. "ஒரு ஜோடி வாங்குங்க, குஞ்சை நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கறோம்" என்று யார் சொன்னாலும், எந்தக் கலர் பறவையாக இருந்தாலும், பர்ஸை உள்ளே வையுங்கள்.

பெருவிடை, அசீல்: அழகு, கம்பீரம் எல்லாம் உண்டு. பெட்டை நல்ல தாய்தான். ஆனால் வருஷம் 30, 40 முட்டை கண்டால் அதிகம், கனத்த பெட்டை உட்காரும்போது முட்டையை உடைப்பதும் உண்டு. சின்ன வயசிலேயே ஒன்றை ஒன்று கொத்திக் கிழிக்கும். பத்து சென்டில் நாலு சிறுவிடையோடு இதைவிட்டால் தினமும் பஞ்சாயத்துதான். கிளிமூக்கு விசிறிவால் என்று லட்சக்கணக்கில் விலை பேசுவது எல்லாம் வேறு உலகம், அந்தப் பக்கம் நான் போகவில்லை.

மேம்படுத்திய கலர் ரகங்கள்: உங்களுக்குத் தேவை வீட்டுக்குத் தினம் நாலு முட்டை, தீவனம் வாங்கிப் போடத் தயார், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை குஞ்சு வாங்கவும் தயார் என்றால், தாராளமாக வாங்குங்கள். அது நேர்மையான பேரம். ஆனால் ஒன்றே ஒன்று. அந்த ரகச் சேவலை நாட்டுப் பெட்டைகளோடு விடாதீர்கள். தனியாக வையுங்கள், அல்லது சேவலே இல்லாமல் பெட்டையை மட்டும் வாங்குங்கள். முட்டை போடுவதற்குச் சேவல் தேவையில்லை.

சிறுவிடை: எடை கம்மி, முட்டை கம்மி, போட்டோவுக்கு ஆகாது. ஆனால் பறந்து மரம் ஏறும், நாய்க்குத் தப்பும், அடை உட்காரும், பருந்தை விரட்டும். நண்பருக்கு நான் சொன்னது இதைத்தான்.

இதில் இன்னொரு சூட்சுமம். நாம் எல்லோரும் பெட்டையை வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்போம், சேவலை மட்டும் கொண்டையையும் வாலையும் பார்த்து வாங்கிவிடுவோம். சேவல் முட்டையும் போடாது, அடையும் உட்காராது, ஆனால் அடுத்த தலைமுறைப் பெட்டை ஒவ்வொன்றிலும் பாதி அதனுடையது. அதனால் சேவல் வாங்கப் போனால், அதோட அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை குஞ்சைக் காப்பாற்றினாள் என்று கேளுங்கள். இதைக் கேட்காமல்தான் நான் கெட்டேன்.

நம்ம கட்சிக்காரர்களுக்கும் ரெண்டு குட்டு

நாட்டுக்கோழி ரசிகர்களும் யோக்கியர்கள் இல்லை. "நாட்டுக்கோழிக்கு நோயே வராது, ஊசியே வேண்டாம்" என்று ஒரு கும்பல் சொல்லிக்கொண்டு திரிகிறது. என் மூணு கோழி செத்தது யார் கணக்கில்? வெள்ளைக்கழிச்சல் நாட்டுக்கோழி, சீமைக்கோழி எல்லாம் பார்க்காது, வந்தால் கூட்டத்தையே வழித்துக்கொண்டு போகும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஒரு ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சலுக்கு இருவார முகாமே நடத்துகிறார்கள். போக மாட்டேன் என்பது வீம்பு.

இன்னொரு கும்பல், "சுத்தமான ரத்தம்" என்று சொல்லி ஒரே சேவலை வைத்து அம்மா, மகள், பேத்தி என்று ஓட்டுகிறது. நாலு தலைமுறையில் பொரிப்பு குறைந்து நோஞ்சான் குஞ்சாக வரும். பழைய ஆட்கள் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த ஊரில் சேவல் மாற்றிக்கொண்டது சும்மா இல்லை. மாற்றுங்கள், ஆனால் சிறுவிடைக்குச் சிறுவிடையாக மாற்றுங்கள்.

புதுக்கோழி சேர்ப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து ரொம்ப நல்ல வழி, கோழியே வாங்காமல் இருப்பது. முட்டை வாங்குங்கள். நல்ல தாய்க்கோழி இருக்கும் வீட்டில், சேவலோடு திரியும் கூட்டத்தின் முட்டையை, ஒரு வாரத்துக்கு மேல் ஆகாததாக, பத்துப் பன்னிரண்டு வாங்கி வந்து உங்கள் அடைக்கோழிக்கடியில் வையுங்கள். முட்டை வழியாக வரும் நோய் ஒன்றிரண்டு இருந்தாலும், சந்தைக் கோழியோடு வரும் கழிச்சல், பேன், சளி எல்லாம் தப்பும். புதுசு பழசு என்ற கொத்துச் சண்டையும் இல்லை. பருந்தைப் பற்றியும் தாய் சொல்லிக்கொடுத்துவிடும். இல்லை, வளர்ந்த கோழிதான் வேண்டும் என்றால் மூணு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றாக இல்லாமல் ரெண்டு மூணாக, ராத்திரி அடையும் நேரத்தில் கொடாப்புக்குள் விடுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னதும், "அப்ப அந்த முட்டை எங்க தல கெடைக்கும்? லிங்க் ஏதாச்சும் இருக்கா?" என்றார். லிங்க்காம்! உங்க ஊரில் கோழி வைத்திருக்கும் ஒரு பாட்டியைக் கண்டுபிடியுங்கள், அதுதான் லிங்க் என்றேன்.

எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. எங்க வம்சம் போச்சு என்று சொன்னேன் இல்லையா? 2023 தைக்கு ஒரம்பரை வந்திருந்த சின்னாத்தா முறை ஒருத்தர், பேச்சுவாக்கில் "உங்கம்மா வாரத்துக்கு உட்ட கோழியோட வாரிசுதான் இன்னும் என்ற ஊட்டுல சுத்தீட்டுத் திரியுது" என்றார். அம்மா பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு செவலைப் பெட்டையைக் கொடுத்திருக்கிறார். பாதிக் குஞ்சைத் திருப்பி வாங்கியதோடு அம்மா அதை மறந்தும் போயிருந்தார்.

அடுத்த வாரமே போனேன். பதினோரு முட்டை கொடுத்தார். எங்க வீட்டில்தான் அடைக்கோழி கிடையாதே? அதனால் அடைக்கு வந்திருந்த ஒரு பெட்டையையும் சேர்த்துக் கொடாப்போடு தூக்கி பைக்கில் வைத்துவிட்டார். "வாரத்துக்குத்தான் சாமி, பாதிக்குஞ்சு எனக்கு" என்ற நிபந்தனையோடு. அம்மா கூடையில் மணல் போட்டு, வைக்கோல் போட்டு, இடிக்கு ஆகாது என்று ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் வைத்து, முட்டையை அடுக்கினார். நான் கிட்டப் போனதற்குக் கோழி கொத்தியது.

இருபத்தொண்ணாம் நாள் எட்டுக் குஞ்சு. நாலு சின்னாத்தாவுக்கு. நாலு அம்மாவுக்கு. எனக்கு ஒன்றும் இல்லை, கணக்கும் கேட்கவில்லை.

உங்க ஊட்டில் இப்படி ஒரு பழைய கோழி வம்சம் இருந்தால், தயவுசெய்து ரெண்டு வீட்டுக்காவது முட்டையோ கோழியோ கொடுத்து வையுங்கள். நாளைக்கு உங்க பையன் என்னை மாதிரி ஒரு சேவலை வாங்கி வருவான். அப்போது திரும்பப் போய் வாங்க ஒரு வீடு வேணும்.

பி.கு: நண்பர் நேற்று மறுபடி போன் பண்ணினார். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் முட்டை தர ஒத்துக்கொண்டாராம், இன்குபேட்டர் ஆர்டரையும் கேன்சல் பண்ணிவிட்டாராம். "ஆனா தல, என் கோழி அடைக்கு வருமா?" என்றார். அப்பாடா, கேள்வி சரியாக வந்துவிட்டது. :-)